வேலை கை மாறும் இடத்தில்தான் சிஸ்டர் நிற்க வேண்டும்

கேள்வி: அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையின் பெண்கள் மருத்துவ விடுதிக்கு மூன்று மாதங்களுக்கு முன் பொறுப்புத் தாதியாக (சிஸ்டராக) வந்தேன். எனக்குப் பதினொரு வருட சேவை. என்னைவிட மூத்த அக்காமார் இருவர் இதே விடுதியில் இருக்கிறார்கள். அதில் ஒருவர், இந்தப் பொறுப்பு தனக்கு வரும் என்று நினைத்திருந்தவர். போன மாதம் ஒரு நீரிழிவு அம்மாவுக்கு மாலைக் கலவை இன்சுலின் 16 யூனிட் இரண்டு தடவை ஏறிவிட்டது. மாலை முறையில் நின்ற பிள்ளை 6.40க்கு ஊசி போட்டதும் புது அட்மிஷன் வர, கையொப்பம் வைக்காமல் ஓடிவிட்டாள். இரவு முறைக்கு வந்தவள் கட்டம் வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்து 7.20க்குத் திரும்பப் போட்டாள். 9.30க்கு அந்த அம்மா வியர்த்துக் கொட்டி, சுகர் 48க்கு இறங்கிவிட்டது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளிடமும் விளக்கக் கடிதம் கேட்டேன். அன்று முதல் விடுதியில் யாரும் என்னோடு மனம்விட்டுப் பேசுவதில்லை. முறை மாறும்போது நடக்கும் ஒப்படைப்பு நாற்பது நிமிடம் இழுபடுகிறது, ஆனாலும் விஷயங்கள் தவறுகின்றன. நான் காலை 7 மணிக்கு வந்து மாலை 5 வரை எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன். இதற்குமேல் எப்படி நடத்துவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அம்மாவின் விஷயம். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கலவை இன்சுலினில் விரைவாக வேலை செய்யும் பங்கும் மெதுவாக வேலை செய்யும் பங்கும் இருக்கின்றன. மெதுவான பங்கு, போட்டு நாலு மணி நேரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை உச்சத்தில் நிற்கும். 7.20க்குப் போட்ட இரண்டாவது ஊசிக்கு உண்மையான ஆபத்து நேரம் இரவு 11 மணியிலிருந்து விடியும் வரை. ஒருதடவை சீனி ஏறியதை நம்பி விட்டுவிட்டால், 2 மணிக்கு நித்திரையிலேயே திரும்ப இறங்கலாம். நித்திரையில் இருப்பவரின் வியர்வையை யாரும் பார்ப்பதில்லை. இப்படி நடந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லி, மணிக்கொரு தடவை சுகர் பார்ப்பதும் ட்ரிப் தொடர்வதும் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான பி.எச்.ரி.யில் எழுத்தில் வரவேண்டும், காலைச் சாப்பாடு வரைக்கும். உங்கள் விடுதியில் அன்று அது நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால், ஊசி இரண்டு தடவை ஏறியதைவிட அதுதான் பெரிய ஓட்டை.

இனி, ஏன் நடந்தது என்பது. இரண்டு பிள்ளைகளும் கவலையீனமானவர்கள் என்று கடிதத்தில் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டிய ஊசி, முறை மாறும் 7 மணிக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. அதே நேரத்தில் அட்மிஷன். அதே நேரத்தில், மாலைப் பார்வையாளரை அனுப்பிவிட்டு, முறை முடிந்து போகிறவர்கள் கணக்கு முடிக்கிற அவசரம். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் அந்த இருபது நிமிடத்தில் பொறுப்பு இருவரிடமும் இருக்கிறது, அதனாலேயே ஒருவரிடமும் இல்லை. விடுதியில் நடக்கும் பிழைகளை எடுத்துப் பாருங்கள். முறை மாறும்போது, வைத்தியரின் வாய்ச்சொல் எழுத்தாகும்போது, நோயாளி எக்ஸ்ரேக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு மொழியில் சொன்னது இன்னொரு மொழியில் எழுதப்படும்போது என்று பெரும்பாலும் ஏதோவொரு கைமாற்றத்தில்தான் அவை கிடக்கும்.

நம் பக்கத்து வயல்களில், நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை என்ன செய்கிறார்? யாருடைய வரவையில் இறங்கியும் அவர் நாற்று நடுவதில்லை. தண்ணீர் ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்ததற்குத் திரும்புகிற இடத்தில் நிற்கிறார். உங்கள் இடமும் அதுதான். நீங்கள் கனுலா போட்டுக்கொண்டும் ஸ்டோர்ஸ் இண்டென்ட் எழுதிக்கொண்டும் 5 மணிவரை நிற்பதால் பிழை குறையாது. நீங்கள் போன பிறகு வரும் 7 மணியில்தான் அது நடந்தது.

இன்சுலினை இந்தக் கிழமையே திருத்தலாம். இரவுச் சாப்பாடு விடுதிக்கு எத்தனை மணிக்கு உண்மையாகவே வருகிறது என்று மூன்று நாள் எழுதிப் பாருங்கள். சமையலறையோடு பேசி அதை ஒரு நேரத்தில் நிறுத்துங்கள். அதற்கு அரை மணி முன், எப்படியும் 6.30ஐத் தாண்டாமல், மாலை முறைத் தாதியே எல்லா இன்சுலினையும் முடிக்கட்டும். இரவுச் சாப்பாடு 7 மணிக்குப் பிந்தித்தான் வரும் என்றால் மறுபக்கம் போங்கள்: எல்லா இன்சுலினும் இரவு முறைக்கு. எது என்றாலும் ஒரு முறைக்கே முழுதாகச் சொந்தமாக இருக்க வேண்டும். கையொப்பம் கட்டிலடியில், ஊசி வெளியே எடுத்த கையோடு. மேசைக்குப் போய்ச் சேர்த்து வைப்பது கூடாது. வெறும் கட்டத்துக்கு ‘கொடுக்கவில்லை’ என்று பொருள் கிடையாது. ‘தெரியாது, கேள்’ என்பதுதான் பொருள். போட்டவள் வீட்டுக்குப் போயிருந்தால் தொலைபேசியில் கேட்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லையா, சுகர் பார்த்து வைத்தியரிடம் கேட்காமல் ஊசியைத் தொடக்கூடாது. உண்மையிலேயே கொடுக்காமல் விட்டால் கட்டத்தில் காரணத்தோடு எழுத வேண்டும்: வாந்தி, சாப்பிடவில்லை, வைத்தியர் நிறுத்தச் சொன்னார் என்று.

இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம் குளோரைட், மோர்ஃபின், இரத்தம் இந்த ஐந்துக்கும் இரண்டு பேர் பார்க்கும் வழக்கம் உங்கள் விடுதியிலும் இருக்கும். எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ‘16 சரியா?’ என்று கேட்டால் இரண்டாவது ஆளின் வாய் ‘சரி’ என்றுதான் சொல்லும், கண் பார்ப்பதற்கு முன்னமே. எண்ணைச் சொல்லாமல் குப்பியையும் சிரிஞ்சையும் நீட்டி, ‘எத்தனை இருக்கு, யாருக்கு?’ என்று கேட்கப் பழக்குங்கள். இரண்டாவது ஆள் பி.எச்.ரி.யைத் தானே வாசித்துச் சொல்ல வேண்டும். கட்டளை எழுதும்போது யூனிட் என்பதை முழுதாக எழுதும்படி எச்.ஓ.மாரிடம் (விடுதியின் இளநிலை வைத்தியர்களிடம்) கேளுங்கள். U என்று ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கி எண்ணோடு ஒட்டினால் அது பூச்சியமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகும். பொட்டாசியம் ஆம்பியூல் 10 மில்லிலீற்றர், சலைன் ஆம்பியூலும் 10 மில்லிலீற்றர். இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். ஒப்புதல், கூட்டம் எதுவும் தேவைப்படாத வேலை இது.

அடுத்தது வேலைப் பங்கீடு. நம் விடுதிகளில் ஊசிக்கு ஒருவர், மருந்துக்கு ஒருவர், டிரெசிங்குக்கு ஒருவர் என்று வேலையைப் பிரிப்பது பழைய வழக்கம். ஆள் குறைவாக இருக்கும்போது அது விரைவாகத் தெரியும். ஆனால் 12ஆம் கட்டில் அம்மாவை நான்கு பேர் தொட்டிருப்பார்கள், அவர் காலையிலிருந்து சலம் போகவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. நாற்பது பேருக்கு மூன்று தாதியர் நிற்கிற இடத்தில் ஆளுக்கொரு நோயாளி என்பது நடக்காத காரியம். விடுதியைப் பக்கமாகப் பிரியுங்கள்: கதவுப் பக்கம், யன்னல் பக்கம். மூன்றாமவர் அட்மிஷனும் தொலைபேசியும் பார்வையாளரும் பார்ப்பவர். மருந்து கொடுக்கும் நேரத்தில் மற்ற இருவரை யாரும் கூப்பிடாமல் தடுப்பது அவருடைய வேலை. மருந்து ட்ரொலியோடு நிற்பவரிடம் நடுவில் ஒரு கேள்வி கேட்டால், அவர் எங்கே விட்டார் என்பதை அந்தக் கேள்வியே அழித்துவிடும். ரவுண்டில் அந்தந்தப் பக்கத் தாதியே வைத்திய நிபுணரோடு போகட்டும், ஒவ்வொரு கட்டிலிலும் புதுக் கட்டளையைத் திருப்பி வாசிக்கட்டும்: ‘சேர், ஃபுருசமைட் 40 மில்லிகிராம் ஊசியாக, காலையும் 2 மணிக்கும்.’ திருப்பிச் சொல்லும்போது பிடிபடும் பிழை, மருந்து ஏறிய பிறகு பிடிபடுவதைவிட நூறு மடங்கு மலிவு.

ஒப்படைப்பு நாற்பது நிமிடம் எடுப்பதற்குக் காரணம், 1ஆம் கட்டிலிலிருந்து 40ஆம் கட்டில் வரை எல்லாருக்கும் ஒரே நீளத்தில் சொல்வதுதான். 25ஆம் கட்டிலுக்கு வரும்போது கேட்பவரின் காது மூடிவிடும். அன்றைக்குக் கடும் நோயாளி 31இல் இருப்பார். வரிசையை மாற்றுங்கள். நோய் கடுமையாக உள்ள நாலைந்து பேரைக் கட்டிலடியில் நின்று, நோயாளியையும் ட்ரிப்பையும் சார்ட்டையும் இருவரும் சேர்ந்து பார்த்து ஒப்படைக்க வேண்டும். பிறகு புதிதாய் வந்தவர்கள். பிறகு நேரத்தோடு கட்டிய வேலை உள்ளவர்கள்: 8 மணி இரத்தப் பரிசோதனை, நள்ளிரவுக்குப் பின் வெறும் வயிறு, வராத ரிப்போர்ட். மிச்சமுள்ளவர்களுக்கு ‘மாற்றமில்லை’ என்ற ஒரு சொல் போதும், சார்ட் பார்த்தால் தெரிவதை வாயால் வாசிக்கத் தேவையில்லை. பதினைந்து நிமிடத்துக்குள் முடியும். எச்.ஐ.வி., கருச்சிதைவு, குடும்பப் பிரச்சினை போன்றவற்றைக் கட்டிலடியில் சொல்லக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் ஊர்க்காரர் இருப்பார். அவை மேசையில்.

கடும் நோயாளிக்கு நாலு வரி. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை இது, எஸ்.பி.ஏ.ஆர். என்று தாதியர் கல்லூரியில் படித்திருப்பீர்கள். படித்ததற்கும் இரவு 3 மணிக்கு வாயில் வருவதற்கும் நிறையத் தூரம் இருக்கிறது. ‘டொக்டர், 8ஆம் கட்டில் டெங்குப் பிள்ளை கொஞ்சம் சரியில்லை போல’ என்று சொன்னால், நித்திரையில் எழும்பிய எச்.ஓ. ‘சரி, பாருங்க, வாறன்’ என்பார். அவர் கண்ணால் பார்க்கவில்லை, காதில் விழுந்ததும் ‘கொஞ்சம்’ தான். இப்படிச் சொல்லப் பழக்குங்கள்:

‘டொக்டர், பெண்கள் மருத்துவ விடுதி. 8ஆம் கட்டில், டெங்கு. பிரஷர் 100க்கு 80, நாடித் துடிப்பு 112, கை கால் குளிர். 28 வயது, காய்ச்சல் ஐந்தாம் நாள், பிளேட்லெட் 42,000, பி.சி.வி. மாலை 40, இப்போது 46. கடந்த மூன்று மணி நேரத்தில் சலம் 60 மில்லிலீற்றர், எடை 50 கிலோ. ஷொக்குக்குள் போகிறா என்று நினைக்கிறேன். இப்பவே வந்து பாருங்க. வரும்வரை எந்த ட்ரிப் எவ்வளவில் ஓட்ட?’

பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கியதும், பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறியதும், சலம் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்குக் கீழே போனதும் அந்தப் பேச்சிலேயே இருக்கின்றன. 60ஐ 3ஆல், பிறகு 50ஆல் பிரித்தால் 0.4. மேல் எண் 100 என்பதைப் பார்த்து ‘பிரஷர் நல்லம்’ என்று எழுதிவிட்டுப் போவதுதான் டெங்குவில் நாம் அடிக்கடி ஏமாறும் இடம். மார்கழி, தை மாதங்களில் மழையோடு டெங்கு கூடும்போது இதைப் பழக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இப்போதே தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் நாலு வரியையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பழைய பி.எச்.ரி. ஒன்றை வைத்து, ஒரு நாளைக்கு ஒருவராகச் சொல்லிப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம்தான்.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அம்பாறை விடுதியென்றால் அது இல்லாமல் இராது. எழுத்து ஒப்படைப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பொது. நோயாளியின் முறைப்பாட்டை மட்டும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘நெஞ்சு கரிக்குது’ என்பதும் ‘நெஞ்சு இறுக்குது’ என்பதும் மொழிபெயர்த்தால் ஒரே நெஞ்சு வலியாகிவிடும், இறுக்குது என்பவருக்கு இ.சி.ஜி. பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ‘மூச்சு முட்டுது’, ‘தலை சுத்துது’, ‘சலம் கடுக்குது’ போல இருபது சொற்களைச் சிங்கள எழுத்தில் பொருளோடு எழுதிக் கொடுத்தால், அடுத்த நாளே பயன் தெரியும்.

இனி, யாரும் பேசுவதில்லை என்பது. 1990களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் தாதியர் குழுக்களின் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் பிழை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அங்கே பிழை கூடுதலாக நடந்தது என்பதல்ல காரணம். அங்கே சொல்லப் பயமில்லை. உங்கள் விடுதியில் இப்போது நடப்பது அதன் மறுபக்கம். விளக்கக் கடிதத்துக்குப் பிறகு பிழைகள் நின்றிருக்காது, உங்கள் காதுக்கு வருவதுதான் நின்றிருக்கும். கடிதம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொய் எழுதியதற்கு, வேண்டுமென்றே விட்டதற்கு, திரும்பத் திரும்பச் சொல்லியும் செய்ததற்குக் கேளுங்கள். வேலையின் அமைப்பு தள்ளிவிட்ட பிழைக்குக் கடிதம் கேட்டால், அடுத்த பிள்ளை கையொப்பத்தைப் பிறகு இட்டு நிரப்பிவிடுவாள். நடந்ததைப் பாதக நிகழ்வுப் படிவத்தில் எழுதி மேட்ரன் வழியாகத் தர முகாமைத்துவப் பிரிவுக்கு அனுப்புங்கள், நேரங்களோடு. 7 மணிச் சிக்கல் மற்ற விடுதிகளிலும் இருக்கும்.

மூத்தவரைத் தடுக்கச் சின்னவளுக்கு வாய் வருவதில்லை, அதுவும் ‘அக்கா’ என்று கூப்பிடுகிற உறவில். அக்காவுக்கு எதிர்த்துப் பேசக்கூடாது என்று வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம், விடுதிக்கு வந்ததும் மட்டும் பேசு என்றால் எப்படிப் பேசுவாள்? சொற்களை நீங்களே கொடுங்கள், மூன்று படியாக. ‘அக்கா, எனக்கு ஒரு சந்தேகம்.’ கேட்கவில்லையென்றால், ‘அக்கா, எனக்கு இது சரியாப் படல்ல.’ அதற்கும் இல்லையென்றால், ‘நிப்பாட்டுங்க, இது நோயாளிக்கு ஆபத்து.’ மூன்றாவது சொல்லைக் கேட்டால் யாராக இருந்தாலும் கையை எடுக்க வேண்டும், வைத்தியர் உட்பட. சந்தேகம் பிழையாகப் போனாலும் அந்தப் பிள்ளைக்கு ஏச்சு விழக்கூடாது. முதலில் உங்களைத் தடுக்கச் சொல்லுங்கள். ஒருநாள் எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளை உங்களைத் தடுத்து, நீங்கள் ‘நல்லாச் சொன்னாய்’ என்று நின்று பார்த்தால், பத்து வகுப்புகளில் வராத தைரியம் வரும்.

பொறுப்பு வராத அந்த அக்காவைச் சுற்றிப் போகாதீர்கள். தனியாக, தேநீர் நேரத்தில் அல்ல, கதவு மூடிய அறையில் பேசுங்கள். ‘இந்தப் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கலாம், எனக்குத் தெரியும்’ என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அதை அவர் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருப்பதுதான் விடுதியைக் கடிக்கிறது. பிறகு உண்மையான அதிகாரம் உள்ள ஒரு வேலையைக் கொடுங்கள். அவசர ட்ரொலியும் உயிர்காப்புப் பயிற்சியும் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு முறைத் தொடக்கத்திலும் யார் நெஞ்சு அமுக்குவது, யார் மூச்சு கொடுக்கும் அம்பு பாக், யார் அட்ரினலினும் நேரமும், யார் அழைப்பு என்று பலகையில் பெயர் எழுதுவது அவர் பொறுப்பு. நெஞ்சு அமுக்குவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும். இரவில் இரண்டு தாதியரும் ஒரு சிற்றூழியரும்தான் என்றால், சிற்றூழியருக்கும் நெஞ்சு அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பழக்குவதும் அவரிடமே. கொடுத்த பிறகு நீங்கள் போய் ட்ரொலியை மீண்டும் எண்ணாதீர்கள். நோயாளி முன்னால் அவர் இளையவர்களை ஏசுகிறார் என்றால் அதை வேறாக, அன்றைக்கே, நடந்ததைச் சொல்லிப் பேசுங்கள்: ‘10 மணிக்கு 5ஆம் கட்டிலடியில் நீங்கள் சத்தம் போட்டீர்கள், பிறகு அந்தப் பிள்ளை ட்ரிப் சந்தேகத்தை உங்களிடம் கேட்கவில்லை.’ குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

முறைப் பட்டியலை இரண்டு கிழமைக்கு முன் ஒட்டுங்கள். இரவு முறையும் பெருநாள் வேலையும் யாருக்கு எத்தனை என்ற கணக்கையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மறைவாக இருக்கும் கணக்கில்தான் இனப் பேச்சு முளைக்கும். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் இன்சுலின் நேரத்தோடு இடிக்கும், அதனால் அந்த இருபது நிமிடத்துக்குப் பதிலாக நிற்கும் பக்கத்துத் தாதியின் பெயரை முன்கூட்டியே எழுதுங்கள். பொங்கலுக்கும் வெசாக்குக்கும் அதே மரியாதை திரும்பி வரும். மாலை முறையும் இரவு முறையும் சேர்த்து 18 மணி நேரம் ஓ.ரி.க்காக (மேலதிக நேரக் காசுக்காக) நிற்க விடாதீர்கள், கேட்டாலும். 2024 கார்த்திகை வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியின் மேல் தண்ணீர் பாய்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தண்ணீர் ஏறினால் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர்கள் யார் என்ற பட்டியல் ஐப்பசிக்கு முன் உங்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். இந்தக் கிழமை இன்சுலின். அடுத்த இரண்டு கிழமை ஒப்படைப்பு. அது பழகிய பிறகு பக்கப் பங்கீடு. நீங்கள் நிற்கும் நேரத்தையும் மாற்றுங்கள்: கிழமையில் இரண்டு நாள் 5 மணிக்குப் போகாமல், காலையில் பிந்தி வந்து 7 மணி மாலை ஒப்படைப்பில் பேசாமல் நின்று பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னதாக அந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். 6.30 முதல் 7.30 வரை என்ன நடந்தது என்று அவர்களையே ஒரு தாளில் நிமிடக் கணக்காக எழுதச் சொல்லி, எந்த இடத்தில் என்ன இருந்திருந்தால் கை நின்றிருக்கும் என்று கேளுங்கள். புது இன்சுலின் ஒழுங்கை அவர்கள் இருவருமே எழுதட்டும். கீழே கையொப்பம் உங்களுடையது.